கம்பளம் விரித்த மேடை

ஏரியூர் மாதப்பன் பம்பையைத் தோளில் ஏற்றி முப்பது ஆண்டுகளாகின்றன. எத்தனையோ கோயில்களில் வாசித்தவர். ஆனால் அவர் பெருமையாகச் சொல்லிக்கொண்டது, அதியமான்கோட்டைச் சுசித்ராவின் கரகாட்டத்துக்கு நான்காண்டுகள் வாசித்ததைத்தான். சுசித்ரா பிறவியிலேயே காது கேளாதவள். பள்ளிக்கூடத்து மரமேடையில் பம்பையை இருத்தி அவர் முழக்க, எதிரே நின்று தாளம் பிசகாமல் ஆடுவாள். தம் கைகளைப் பார்த்தே ஆடுகிறாள் என்று அவர் நம்பியிருந்தார்.

இவ்வாண்டு மாவட்டக் கலைத்தேர்வின் விதி மாறிற்று. மாற்றுத்திறனாளிகள் தனி வரிசையில் ஆறுதல் பரிசு பெற்று ஒதுங்காமல், எல்லாரோடும் போட்டியிடலாம். வென்றால் அரசு விழாக்களில் ஆடும் குழுவில் இடம். சுசித்ரா விரும்பியது அந்த ஓரிடத்தை.

அவளுக்காக மாதப்பன் கொண்டுபோன விண்ணப்பத்தில், கலைஞருக்குத் தேவையான வசதி எதுவென்று கேட்டு ஒரு கட்டம் இருந்தது.

"அந்தப் பொண்ணையே கேட்டு எழுதிடலாமுங்களே," என்றார் தேர்வு அலுவலக எழுத்தர் கலைவாணன்.

"நாலு வருசமா கூட வாசிக்கிறேன், எனக்குத் தெரியாதுங்களா? மேடைப் பலகையில ஆணி துருத்திக்கிட்டு நிக்குது, சார். கலெக்டர் வந்தா கம்பளம் விரிக்கிறீங்க. எங்க புள்ள காலு என்ன இரும்புலயா செஞ்சது? நல்லா மெத்துனு போடுங்க!"

கலைவாணன் சிரித்தபடி எழுதிக்கொண்டார்.

போட்டியன்று மேடை முழுதும் இருவிரல் கனத்தில் சிவப்புக் கம்பளம். கால் வைத்ததும் சுசித்ரா திகைத்துக் கீழே சுட்டிக் காட்டினாள். கம்பளத்தைக் கண்டு மகிழ்கிறாள் என்றெண்ணிய மாதப்பன், தலையசைத்துப் பம்பையை முழக்கினார்.

மூன்றாம் சுற்றில் அவள் அடி தாளத்தை விட்டு விலகிற்று. கரகம் சரிந்து உருண்டது.

"பாவம், இவ்வளவு ஆடுனதே பெருசுங்க. ஆறுதல் பரிசு ஒண்ணு குடுத்துடலாம்," என்றார் நடுவர் ஒருவர். அதை வாங்க அவள் மேடையேறவில்லை.

பேருந்து நிலையத்தில், கைப்பேசியில் எழுதி மாதப்பனிடம் நீட்டினாள்.

"மாமா, உங்க கைய நான் பாக்கறதே இல்லீங்க. பலகை அதுர்றது காலுல ஏறும், அதுலதான் ஆடுவேன். கம்பளத்துல ஒண்ணுமே வரல. என்னை ஒரு வார்த்த கேட்டிருக்கலாமுங்க."

மறுநாள் அவர் கலைவாணனிடம் ஓடி மறுவாய்ப்புக்கு மன்றாடினார். அதற்கு விதியில் இடமில்லை. குழுவுக்கு வேறொருத்தி தேர்வாகிவிட்டாள்.

அங்கிருந்து நேரே சுசித்ராவின் வீட்டுக்குச் சென்றார். அவள்தான் கதவைத் திறந்தாள். நான்காண்டு பழகியும், பிழை செய்துவிட்டேன் என்று அவள் மொழியில் சொல்ல ஒரு சைகையும் அவர் கற்றிருக்கவில்லை. கைகளைக் கூப்பினார். வந்தவரை வரவேற்பவள்போல் அவளும் கூப்பிவிட்டு, உள்ளே வழிவிட்டாள்.