இப்படிப் பிறந்தால் அப்படித்தான் இருக்கும்

நான் முதுகெலும்பு முழுதாக மூடாமல் பிறந்தவள். டாக்டர்கள் இதை ஸ்பைனா பிஃபிடா என்பார்கள். பிறந்த கையோடு முதுகைத் தைத்து மூடினார்கள். ஆனால் கீழே போகிற நரம்புகள் கெட்டது கெட்டதுதான். காலுக்கு இரும்புப் பட்டை, கைக்கு ஊன்றுகோல். சிறுநீர் தானாகப் பிரியாது. சில மணி நேரத்துக்கு ஒருமுறை மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்தி நானே எடுத்துவிட வேண்டும். சொன்னால் முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு அது பல் துலக்குவது மாதிரி.

சித்தூரில் ஒரு மாம்பழக் கூழ் தொழிற்சாலையின் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்தது. நைனா ஊரில், நகரிப் பக்கம், எங்கள் கரும்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா எனக்காகச் சித்தூரில் வாடகை வீடு எடுத்து என்னோடு இருந்தாள். அலுவலகத்தில் கீழ்த்தளத்தில் ஒரு கழிப்பறை இருந்தது. பிடித்து எழுந்திருக்க அதன் சுவரில் ஒரு கம்பியை நானே ஆள் வைத்துப் பொருத்தியிருந்தேன். அது இருக்கும்வரை எனக்கு ஒரு குறையும் இல்லை.

மாம்பழ சீசன் தொடங்கிய வாரம் போய் அந்தக் கழிப்பறைக் கதவைத் திறந்தால், உள்ளே கூரை வரைக்கும் பிளீச்சிங் பவுடர் மூட்டைகள். மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் தெலுங்குக்காரர், ஆனால் நன்றாகத் தமிழ் பேசுவார்.

"மேல ஒண்ணு கீதே. சீசன் முடியற வரைக்கும் கொஞ்சம் சர்துக்கோம்மா" என்றார். பொறுத்துப் போ என்கிறார்.

"எனக்குப் படி ஏற வராது சார்."

"அதான்மா, கொஞ்சம் சர்துக்கோ."

சர்துக்கொண்டேன். எப்படி என்றால், தண்ணீர் குடிப்பதை நிறுத்தி. காலையில் ஒரு வாய்க் காப்பியோடு சரி. வீடு திரும்பும்வரை நாக்கு அண்ணத்தில் ஒட்டிக் கிடக்கும். வெளியே அழுகிய மாம்பழமும் ஈயும். உள்ளே எனக்கு எப்போது கசியுமோ என்ற பயம். ஒருநாள் கசிந்துவிட்டது. பக்கத்து மேசைப் பெண் தினமும் என்னோடு சேர்ந்து சாப்பிடுகிறவள். அன்று அலமாரியிலிருந்து ரூம் ஸ்பிரேயை எடுத்து வந்து என் நாற்காலியைச் சுற்றி அடித்தாள். கொசுவுக்கு அடிப்பதுபோல. மல்லிகை வாசனை. அதற்குப் பிறகு மல்லிகை என்றாலே எனக்குக் குமட்டும்.

அன்றிலிருந்து என் உடம்பையே எனக்குப் பிடிக்காமல் போனது. குளித்த பிறகும் நாறுவதாகவே தோன்றியது. வேலைக்குப் போவதை நிறுத்தினேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன். தூக்கம் இல்லை, பசி இல்லை. முன்பு விரும்பிக் கேட்ட பாட்டைக் கேட்டாலும் எரிச்சல். யாருடைய செருப்புச் சத்தம் வாசலில் கேட்டாலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். செத்துப்போனால் தேவலாம் என்ற எண்ணம் முதலில் எப்போதாவது வந்தது. பிறகு தினமும் வந்தது.

நைனாவின் அக்கா புத்தூரிலிருந்து பார்க்க வந்தாள். என் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு அம்மாவிடம் பேசினாள்.

"அதுக்கு இன்னா கொறச்சல்? வேளைக்குத் துன்னுது, படுத்துக்கினு கீது. பாவம், இப்டிப் பொறந்தா மனசு அப்டித்தான் இருக்கும்."

எனக்குக் காது நன்றாகக் கேட்கும். அத்தை தன் கைப்பையிலிருந்து விபூதி எடுத்து, ஈரக் கையோடு என் நெற்றியில் அழுத்தித் தேய்த்தாள். துடைத்துக்கொள்ளக்கூட எனக்குத் தெம்பில்லை.

தண்ணீர் குடிக்காமல், வேளைக்குக் குழாய் வைக்காமல் கிடந்த வினை கடைசியில் தொற்றாகிச் சிறுநீரகத்துக்கு ஏறியது. குளிர் காய்ச்சல் தூக்கித் தூக்கிப் போட்டது. அம்மா வாடகைக் கார் பிடித்து திருப்பதி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். ஊசி மருந்து ஏற்றினார்கள், காய்ச்சல் இறங்கியது. என்னைப் பார்த்துக்கொண்ட டாக்டர் தினமும் கட்டிலருகே வந்து அம்மாவிடம்தான் கேட்பார்: சாப்பிட்டாளா, எத்தனை முறை குழாய் வைத்தாள். நான் அங்கே ஒரு மூட்டை மாதிரி.

ஒருநாள் அம்மா அவரிடம், "சரியாத் தூங்க மாட்டேங்குது சார், பேச மாட்டேங்குது" என்றாள்.

"இந்தப் பிரச்சனை இருக்கறவங்களுக்கு அப்படித்தாம்மா இருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குத் திரும்பினார்.

அத்தை சொன்ன அதே வார்த்தை. இந்த முறை படித்தவர் வாயிலிருந்து.

"சார்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "எனக்கு ரொம்ப நாளா தினமும் செத்துப்போவணும்னு தோணிக்கினு கீது. அதுவும் ஸ்பைனா பிஃபிடாவா?"

வார்டில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள். டாக்டர் அப்போதுதான் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

அன்று மாலையே மனநல டாக்டர் வந்தார். ஐம்பது வயதிருக்கும் பெண்மணி. நாற்காலியை இழுத்துப் போட்டு என் உயரத்துக்கு உட்கார்ந்தார். "நித்ர படுதுந்தா?" என்றார். தூக்கம் வருகிறதா என்று என்னிடமே கேட்டார். மூட்டைகள், தண்ணீர், ரூம் ஸ்பிரே எல்லாவற்றையும் பாதி தமிழும் பாதி தெலுங்குமாகச் சொன்னேன். 'ஐயோ பாவம்' என்று அவர் சொல்லவில்லை. எனக்கு இருப்பது மனச்சோர்வு, கூடவே பதற்றம் என்றார். உன் மாதிரி உடம்போடு வாழ்கிறவர்களுக்கு இது சுலபமாக வரலாம், ஆனால் வந்தே தீரும் என்று விதி இல்லை, வந்தால் விட்டுவிடவும் கூடாது என்றார். காய்ச்சலுக்கு மருந்து கொடுக்கிற மாதிரி இதற்கும் மருந்து உண்டு, பேசித் தீர்க்கிற வழியும் உண்டு.

மாத்திரை முதலில் குமட்டியது. பிறகு தூக்கம் வந்தது. வெகுநாள் கழித்து ஒரு காலை இட்லிக்குக் காரச் சட்னி கேட்டேன். அம்மா அம்மியை எடுத்துப் போட்டு அரைத்தாள்.

வேலைக்குத் திரும்பிய அன்று நேராக மேனேஜர் அறைக்குப் போனேன். மூட்டைகளை எடுக்கும்வரை அவர் மேசை முன்னாலேயே உட்காரப்போகிறேன், ஏன் என்று வருகிற வியாபாரிகள் எல்லாருக்கும் சொல்லப்போகிறேன் என்றேன். மதியத்துக்குள் எடுத்துவிட்டார்கள். இத்தனை சுலபமான காரியம்! அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. பக்கத்து மேசைப் பெண்ணிடம் அன்றைக்கு ஏன் ஸ்பிரே அடித்தாய் என்று கேட்டேன். "மாம்பழ வாடை அக்கா" என்றாள். அவளோடு சாப்பிடுவதை விட்டுவிட்டேன்.

மூன்றாவது முறையோ நான்காவது முறையோ மனநல டாக்டரிடம் காட்டத் திருப்பதிக்குப் போனபோது, அவர் என்னோடு பேசி முடித்ததும் அம்மா எழுந்திருக்கவில்லை.

"நானும் ஒண்ணு கேக்கலாமா மேடம்? இவ பொறந்தப்போ எனக்கும் இப்டித்தான் இருந்துச்சி. சோறு எறங்காது, அழுதுக்கினே கெடப்பேன். இப்டி ஒண்ணப் பெத்தா அழாம இன்னா பண்ணுவான்னு எல்லாரும் சொன்னாங்க. அது இன்னும் போவல."

டாக்டர் என்னை வெளியே இருக்கச் சொன்னார். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த பெண் என் காலையே உற்றுப் பார்த்தாள். "பொறந்ததுல இருந்தேவா?" என்று கேட்டு, நான் வாய் திறப்பதற்கு முன்பே 'உச்' கொட்டினாள். மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் அம்மா உரக்க அழுதுகொண்டிருந்தாள். அவள் அழுது முடித்து வெளியே வரும்வரை அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.