குங்குமச் செப்புக்கு அடியில் கிடந்த படிவம்

பணம் இருந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணமில்லாமல் தவித்தவர்களின் அனுபவங்களை நம் வெள்ளிக்கிழமை வழிபாட்டுக் கூட்டத்தில் நிறையக் கேட்டிருக்கிறோம். என் தவிப்பு வேறு. என் வீட்டுக்காரர் கடை வைத்துச் சேர்த்த பணம் மயிலாப்பூரில் எங்கள் தெருமுனை வங்கியில் பத்திரமாக இருந்தது. அவர் அடையாற்றில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். நடுவில் நான் அலைந்தேன். அந்தப் பணத்தில் ஒரு ரூபாயைக்கூட என்னால் எடுக்க முடியவில்லை.

என் பெயர் செண்பகம். சொந்த ஊர் தென்காசிப் பக்கம். கல்யாணமாகி மெட்ராஸுக்கு வந்து முப்பது வருஷம் ஆகப்போகிறது. அவர் பெயர் சுப்பையா. தி. நகரில் ஒரு சந்துக்குள் சின்னதாக மேட்சிங் சென்டர் வைத்திருக்கிறார். புடவைக்குப் பொருத்தமான ஜாக்கெட் துணி, லைனிங், ஃபால்ஸ் எல்லாம் கிடைக்கும். முந்தானையை ஒரு தடவை பார்த்தால் போதும், அலமாரியில் இருக்கிற அத்தனை நிறத்திலும் சரியானதை அவர் கை தானாக உருவி எடுத்துப் போடும். அந்த வலது கைதான் விழுந்துபோயிற்று.

போன வருஷம் மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. காபி டம்ளரை நீட்டினேன். வாங்கினார், நழுவ விட்டார். "என்னங்க, பாத்துப் பிடிக்கக் கூடாதா? இப்பத்தான் தரையத் துடைச்சேன்" என்று கத்தினேன். பாருங்கள், அவர் நன்றாக இருந்தபோது நான் கடைசியாகப் பேசிய பேச்சு அதுதான். பதில் சொல்ல வாயைத் திறந்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணியது. எங்கள் மகள் உமா பெருங்குடியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள்தான் ஆம்புலன்சைக் கூப்பிட்டாள். நான் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு கொட்டின காபியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

பக்கவாதம் என்றார்கள். உயிர் தப்பியது. வலது கையும் காலும் அசையவில்லை, பேச்சும் போய்விட்டது. ஆனால் நாம் சொல்வது எல்லாம் புரிந்தது. தலையை ஆட்டுவார், கண்ணால் கேட்பார். பத்து நாள் கழித்து டாக்டர் எங்களைத் தனியே கூப்பிட்டார்.

"கழுத்துல மூளைக்குப் போற ரத்தக் குழாய்ல பெரிய அடைப்பு இருக்கும்மா. சீக்கிரம் ஆபரேஷன் பண்ணி எடுத்துடணும். அடுத்த வாரத்தத் தாண்ட விடாதீங்க. இன்னொரு தடவை வந்தா தாங்க மாட்டார். இந்த நிலைமையில வேற ஆஸ்பத்திரிக்கு மாத்துறதும் நல்லதில்ல."

நாலு லட்சம் கட்ட வேண்டும் என்றார்கள். கையில் இருந்தது, உமா சம்பளத்தில் மிச்சம் பிடித்தது, என் வளையல் எல்லாம் அந்தப் பத்து நாளிலேயே கரைந்திருந்தது. மருத்துவக் காப்பீடு எங்களுக்குக் கிடையாது.

"அப்பா டெபாசிட்ட எடுத்துடலாம்மா" என்றாள் உமா.

எடுத்துவிடலாம்தான். ஆனால் அது அவர் ஒருவர் பெயரில் இருந்தது. அப்படி இருந்ததற்கு அவர் காரணமில்லை. நான்தான் காரணம். நான் சாட்சி சொல்ல வந்ததே இதைச் சொல்லத்தான். மற்றவர்கள் யாரையும் நான் குறை சொல்ல மாட்டேன்.

அதற்கு மூணு வருஷம் முன்னால் ஓர் ஆடி மாதம். தள்ளுபடிக் கூட்டத்தில் கடையில் நிற்க இடமிருக்காது. அந்த அலைச்சலுக்கு நடுவிலும் மனுஷன் வங்கிக்குப் போய், டெபாசிட்டில் என் பெயரையும் சேர்க்கிற படிவத்தை வாங்கி, தன் கையெழுத்தையும் போட்டுக் கொண்டுவந்தார். "செம்பகம், இதுல நீ ஒரு கையெழுத்துப் போட்டா போதும். நாளப்பின்ன எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா..." என்று ஆரம்பித்தார்.

எனக்கு வந்ததே கோபம்! "வெள்ளிக்கிழமை விளக்கேத்துத நேரத்துல பேசுத பேச்சா இது? ஆடி மாசத்துல ஒண்ணுலயும் கையெழுத்துப் போட மாட்டேன். ஆடி போகட்டும்" என்று படிவத்தைப் பிடுங்கிப் பூஜை அலமாரிப் பக்கம் எங்கேயோ வைத்தேன். ஆடி போயிற்று. ஆவணியில் என் பெரியப்பா தவறிப்போய்த் தீட்டு. ஐப்பசி தீபாவளி வியாபாரம். மார்கழி ஆகாது. தை பிறந்ததும் பார்ப்போம் என்றேன். தை பிறந்தது, படிவம் நினைவிலேயே இல்லை. அவர் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தார். "அந்தப் பேச்சையே எடுக்காதீங்க" என்று வாயை அடைத்துவிட்டேன். காப்பீட்டுக்கும் இதே கதைதான். நோய் வரும் என்று முன்கூட்டியே பணம் கட்டுவதாவது என்று ஏஜெண்டை வாசலோடு அனுப்பினவள் நான். இதை எல்லாம் பெரிய பக்தி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வங்கிக்குப் போனேன். கவுன்ட்டரில் இருந்த தம்பி மரியாதையாகத்தான் பேசினார். "அக்கவுன்ட்காரர் கையெழுத்து இல்லாம பணம் எடுக்க முடியாதும்மா."

"அவருக்குக் கையே விழுந்துபோச்சே தம்பி."

"அப்ப கோர்ட்ல ஆர்டர் வாங்கணும். நாளாகும்."

"எனக்கு ஒரு வாரம்தான் இருக்கு" என்றேன். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டார்.

அன்றிலிருந்து தினமும் கோயிலுக்குப் போனேன். பங்குனித் திருவிழா தொடங்கியிருந்தது. மாட வீதி முழுக்கப் பந்தல், மேளம், ஜனம். நான் கூட்டத்தில் முட்டி மோதி உள்ளே போய்க் கற்பகாம்பாள் முன்னால் நின்று ஒன்றே ஒன்றைக் கேட்டேன். "தாயே, அவர் கையை ஒரு நிமிஷம் அசைய விடு. நாள் முழுக்க வேண்டாம். ஒரே ஒரு கையெழுத்துப் போடுகிற நேரம்."

கேட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவேன். அவர் விரல்களுக்கு நடுவே பேனாவைச் செருகி, என் கையால் பொத்திப் பிடித்து, "போடுங்க, சு... ப்... போடுங்க" என்பேன். பேனா நழுவிப் போர்வையில் விழும். மூணாம் நாள் நான் மறுபடியும் செருகியபோது அவர் அழுதுவிட்டார். ஐயோ, அந்த மனுஷன் அழுது நான் பார்த்ததே இல்லை. பேனாவை ஜன்னல் பக்கம் வீசி எறிந்தேன்.

அன்று சாயங்காலம் கோயிலில் சண்டையே போட்டேன். "முப்பது வருஷம் வெள்ளி தவறாம வந்தேனே, எலுமிச்சை விளக்குப் போட்டேனே, உனக்குக் காது கிடையாதா? உன் புருஷனுக்கு இப்படி வந்தா சும்மா இருப்பியா?" பக்கத்தில் நின்ற அம்மா ஒருத்தி என்னைப் பார்த்துவிட்டு நகர்ந்து நின்றாள். எனக்கு வெட்கமாகக்கூட இல்லை.

அன்று இரவு வீட்டில் ஒரு கேவலமான எண்ணம் வந்தது. உமா ஒன்பதாம் வகுப்பில் மார்க் குறைந்தபோது அப்பா கையெழுத்தைத் தானே போட்டுக்கொண்டு போனவள். அச்சு அசலாக இருந்தது. அவர் அவளை அடித்தது அந்த ஒரே தடவைதான். இப்போது நான் பணமெடுக்கிற சீட்டை அவள் முன்னால் வைத்தேன்.

"போடுட்டி."

"அம்மா! அப்பா அன்னிக்கு என்னை எதுக்கு அடிச்சார்னு மறந்துட்டியா?"

"அன்னைக்கு அவருக்கு உசுருக்கு ஆபத்து இல்ல. நம்ம பணம்தானே? யாரையும் ஏமாத்தல. போடு."

அழுதுகொண்டே போட்டாள். போட்டுவிட்டு என்னோடு பேசாமல் போய்ப் படுத்துக்கொண்டாள். பெற்ற பிள்ளையை இப்படி ஒரு காரியம் செய்ய வைத்தேனே என்று எனக்கும் தூக்கம் வரவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. குளித்து, விளக்கேற்றி, அந்தச் சீட்டை அம்பாள் படத்தின் காலடியில் வைத்துக் கும்பிட்டுவிட்டு வங்கிக்குப் போவதாகத் திட்டம். எந்தக் காரியத்தையும் அப்படி வைத்து எடுத்துத்தானே பழக்கம்? சீட்டை நீட்டினேன். கை போகவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், வைக்கக் கை வரவில்லை. பொய்க் கையெழுத்தை அவள் காலடியில் எப்படி வைப்பேன்? அவர் கையை அசைத்துக்கொடு என்று மூணு நாளாக மன்றாடினேன். அவளோ என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள்.

சீட்டைக் கிழித்துப் போட்டேன். கிழித்த பிறகு, ஐயோ இனி என்ன செய்வேன் என்று உறைத்தது. நெற்றிக்காவது இட்டுக்கொண்டு கிளம்புவோம் என்று, எப்போதும் வைத்த இடத்திலேயே திறந்து தொட்டுக்கொள்கிற குங்குமச் செப்பை அன்று கையில் எடுத்தேன். அதன் அடியில் நாலாக மடித்த காகிதம் ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. பிரித்தேன். அந்தப் படிவம்! எண்ணெய்க் கறை, குங்குமக் கறை. கீழே அவர் கையெழுத்து, வலது கையால் போட்டது, அழகாக, கடைசி எழுத்துக்கு அடியில் அவர் இழுக்கிற கோட்டோடு. பக்கத்தில் என் கையெழுத்துக்கான இடம் காலியாக இருந்தது. தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். உமா ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

இருவரும் வங்கிக்கு ஓடினோம். அதே தம்பி பார்த்துவிட்டு, "இது பழைய ஃபார்ம்மா. இப்பச் செல்லாது" என்றார். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்தேன். ஃபைல், தபால் என்று மேசை மேசையாகக் கொண்டுபோய்க் கொடுக்கிற எத்திராஜ் என்கிற அட்டெண்டர் என் மடியில் கிடந்ததை எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, ஜாதகமா? குங்குமமா கீது?"

நான் சொல்ல ஆரம்பித்தேன், முடிக்க முடியவில்லை. உமா முடித்தாள். அவர் என்னிடம் கேட்காமலே காகிதத்தை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குள் போனார். மேனேஜர் ஓய்வுபெறுகிற வயதிலிருந்த ஓர் அம்மா, வசந்தா மேடம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படிவத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஃபார்ம் செல்லாதும்மா, அது உண்மைதான். ஆனா உங்க வீட்டுக்காரர் உங்களையும் சேக்கணும்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டார்னு இதுல தெரியுது. அவருக்குச் சொன்னா புரியுமா?"

"புரியும் மேடம். தலையாட்டுவார்."

"அப்புறம் என்ன? கையெழுத்துப் போட முடியாதவங்க கட்டைவிரல் ரேகை வைக்கலாமே. பேங்க்ல இருந்து ஒருத்தரும் வெளியாள் ஒருத்தரும் சாட்சியா நின்னா போதும். அவர் இங்க வர முடியாட்டி நாங்க அங்க வரோம். இத உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

வெளியே அந்தத் தம்பி எழுந்து நின்றுகொண்டிருந்தார். வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்தானாம். பாவம், அவருக்கும் தெரியவில்லை.

அன்று சாயங்காலமே வசந்தா மேடமும் எத்திராஜும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். திருவிழாவுக்காகத் தெருவை அடைத்திருந்ததால் ஆட்டோ கிடைக்காமல் லஸ் முனை வரைக்கும் நடந்து, அங்கே ஆட்டோ பிடித்து வந்தார்களாம். வசந்தா மேடம் என் வீட்டுக்காரர் முகத்தருகே குனிந்து, "சார், உங்க டெபாசிட்ட எடுத்து உங்க ஆபரேஷனுக்குக் கட்டச் சொல்லி மனைவி கேக்குறாங்க. குடுக்கலாமா?" என்றார். அவர் என்னைப் பார்த்தார். அப்புறம் மூணு தடவை தலையை ஆட்டினார். ஒரு தடவை போதாதென்று நினைத்தார் போல. டாக்டர் இன்னொரு சாட்சி.

எத்திராஜ் மைப் பெட்டியைத் திறந்து அவர் இடது கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டார். "லைட்டா அமுத்து நைனா. அவ்ளோதான். சூப்பரா வந்துக்கீது."

நான் கேட்டது வலது கை. கிடைத்தது இடது கட்டைவிரல். அந்த விரல் இத்தனை நாளும் என் கண் முன்னால் நன்றாகத்தான் இருந்தது. மையைத் துடைக்க என் முந்தானையை எடுத்தேன். அவர் அந்த விரலாலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த மைக்கறை படிந்த புடவையை நான் இன்னும் துவைக்கக் கொடுக்கவில்லை.

திங்கட்கிழமை பணம் ஆஸ்பத்திரிக்குப் போயிற்று. செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். அம்பாள் அவரை எனக்குத் திருப்பிக் கொடுத்தாள். முழுதாக இல்லை. வலது கை இன்றைக்கும் தொங்கலாகத்தான் இருக்கிறது. கடைக்குப் போய் உட்கார்ந்து இடது கையால் நிறத்தைக் காட்டுகிறார், பையன்கள் எடுத்துப் போடுகிறார்கள். சில ராத்திரி இன்னொரு தடவை வந்துவிடுமோ என்று அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டே படுத்திருப்பேன். பயம் போகவில்லை. ஆனால் அந்தப் பயத்தைச் சாக்காக வைத்து இப்போது எதையும் தள்ளிப்போடுவதில்லை. எது எந்த வங்கியில், எந்த அலமாரியில் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். உமாவுக்கும் தெரியும். எனக்கும் அவளுக்கும் காப்பீடு எடுத்தாயிற்று.

அதே வருஷம் ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து வங்கிக்குத் தள்ளிக்கொண்டு போனோம். புதுப் படிவம். அவர் விரல் ரேகை வைத்தாயிற்று. நான் பேனாவை எடுத்தேன். அதுவரைக்கும் ஒற்றை ஒற்றை வார்த்தையாகத்தான் பேசிக்கொண்டிருந்தவர், கோணின வாயை இழுத்து, திக்கித் திக்கிக் கேட்டார்.

"ஆடி... போ... கட்டுமா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது. "சும்மா இருங்க" என்று அதட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். மணி மூணரை, நல்ல ராகுகாலம்.

அக்காமார்களே, தங்கச்சிமார்களே, உங்கள் வீட்டுப் பூஜை அலமாரியை இன்றைக்கே ஒரு தடவை தூக்கிப் பாருங்கள். கையெழுத்துக்குக் காத்திருக்கிற காகிதம் இருந்தால் அம்பாளை நினைத்துக்கொண்டு போட்டுவிடுங்கள். அவளை நம்புங்கள், அவள் என் சண்டையையே பொறுத்துக்கொண்டவள். உங்கள் வீட்டில் யாராவது ஆடி போகட்டும், மார்கழி போகட்டும் என்று சொன்னால் எங்கள் வீட்டுக்கு அனுப்பி வையுங்கள். என் வீட்டுக்காரர் பதில் சொல்வார். இப்போது அவருக்கு அந்த அளவுக்குப் பேச்சு வந்துவிட்டது.