அழகானவை மட்டும்

இடது கையின் இரண்டு விரல்கள் நான்கு சிறகுகளையும் சேர்த்து மூடிப் பிடித்திருந்தன. வலது கை, நக அளவு ஒட்டுநாடாத் துண்டைப் பூச்சியின் வயிற்றில் வைத்து அழுத்தியது. நாடாவை உரித்தபோது செதில்கள் கூடவே வந்தன. அதை வெள்ளை அட்டையில் ஒட்டி, எண், தேதி, ஆணா பெண்ணா என்று எழுதி, நுண்ணோக்கியின் கீழ் வைத்தது. செதில்களுக்கு நடுவே மிளகுப்பொடி போலக் கறுப்பாகத் தெரிந்தால் பூச்சி காகிதக் கவருக்குள், கவர் ஃப்ரீசருக்குள். தெரியாவிட்டால் கராஜ் கதவு வழியே வெளியே. காலையிலிருந்து அறுபத்தொன்று முடிந்திருந்தது. கதவு வழியே போனவை ஐந்து.

இருபத்தெட்டு வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் அறுநூறு தட்டு நிரப்பிய கைகள் அவை. தெற்கு டெக்சாஸின் அந்தச் சிறிய ஊரில் லொரீன் குபேனாவை அறியாதவர் இல்லை. ஓய்வு பெற்றதும் கராஜில் வலைக்கூண்டுகள் கட்டி, மொனார்க் வண்ணத்துப்பூச்சிகளை முட்டையிலிருந்து வளர்த்தாள். வீட்டைச் சுற்றிலும் சிவப்புப் பூ பூக்கும் பால்செடி. நம் எருக்கின் உறவுதான். அந்த ஊர்க் குளிருக்கு அது சாவதில்லை, வருஷம் முழுவதும் இலை இருக்கும்.

ஆறு வருஷத்துக்கு முன் ஒரு பல்கலைக்கழகம், பூச்சிகளை வாட்டும் ஒட்டுண்ணி இப்படி இலை உதிராத செடியில் தங்கிப் பெருகுகிறதா என்று ஆராய, பொதுமக்களின் உதவியைக் கேட்டது. லொரீன் முதல் ஆளாகப் பேர் கொடுத்தாள். மாதம் பத்து அட்டை. படிவத்தில் 'எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்' என்ற கட்டத்தில் 'கைக்கு வந்தபடி' என்று எழுதுவாள். பதில் ஒவ்வொரு முறையும் ஒன்றுதான்: நோய் மிகக் குறைவு. அவர்கள் அனுப்பிய பாராட்டுப் பலகையை வேலியில் மாட்டினாள்.

செப்டம்பரில் ஆராய்ச்சிக் குழுவிலிருந்து நோயல் இபாரா என்ற பெண் வந்தாள். டெக்சாஸின் மிகச் சுத்தமான தோட்டத்தைப் படம் எடுக்க வேண்டுமாம். கராஜ் மூலையில் ஒரு வாளி இருந்தது. அதில் சிறகு விரியாத பூச்சிகள், கசக்கிப் போட்ட காகிதம் மாதிரி, இன்னும் கால்களை அசைத்துக்கொண்டிருந்தன.

"மிஸ் லொரீன், இதுங்களோட அட்டையும் எங்களுக்கு வந்துச்சா?"

"இதுங்களையா? படிச்சவங்க பாக்குற இடத்துக்கு இதையா அனுப்புவாங்க? கருகிப்போன கொலாச்சே பன்ன விருந்தாளிக்கு யாராவது வைப்பாங்களாம்மா? நல்லா பறக்குறதா பார்த்துப் பொறுக்கித்தான் அனுப்புவேன்."

நோயல் படம் எடுக்கவில்லை. வண்டியிலிருந்து நுண்ணோக்கியைக் கொண்டுவந்து, வாளியிலிருந்து மூன்றை எடுத்துச் சோதித்து, லொரீனைப் பார்க்கச் சொன்னாள். மூன்றிலும் மிளகுப்பொடி போல ஒட்டுண்ணியின் கறுப்பு வித்துகள்.

"இந்தச் செடியால கெடுதல் இல்லைன்னு எழுதியிருக்கோம், மிஸ் லொரீன். உங்க தோட்டத்த வச்சுத்தான் எழுதினோம்."

அதைப் படித்துவிட்டுத்தான் ஊரின் வண்ணத்துப்பூச்சிச் சங்கம் லொரீனிடமிருந்து நாற்று வாங்கிப் பள்ளி, தேவாலயம், கல்லறைத் தோட்டம் என்று எங்கும் நட்டிருந்தது. புழுக்களும் இவள் கூண்டிலிருந்து போனவைதான்.

"வேணும்னா நீங்க விலகிக்கலாம்" என்றாள் நோயல். "பேர் வெளிய வராது. பழைய கணக்கு அப்படியே இருக்கும், அதுதான் கஷ்டம். இல்லன்னா எல்லாத்தையும் பொறுக்காம எடுத்து அனுப்புங்க. பழசு எப்படி எடுத்ததுன்னும் எழுதணும்." நுண்ணோக்கியை இரவலாக விட்டுப் போனாள்.

லொரீன் அன்றே முதல் கூண்டைத் திறந்தாள்.

மூன்றாம் நாள் அவள் கணவன் எமில் ஐஸ்கிரீம் எடுக்கப் போய்க் கத்தினான். "லொரீன்! சாசேஜுக்குப் பக்கத்துல எத்தனை பேரைப் புதைச்சு வச்சிருக்க?"

"நூத்திப் பன்னெண்டு."

"ஒண்ணு அசையுதுடி."

"கதவ மூடு. நீ திறக்கத் திறக்க அதுக்கு இன்னும் நேரமாகும்."

அவன் மூடினான். அன்று அவன் ஐஸ்கிரீம் தின்னவில்லை.

டார்லா வ்ரானா அதற்குள் விஷயம் கேள்விப்பட்டு வந்துவிட்டாள். சங்கத்தின் தலைவி அவள். ஊர் அஞ்சலகத்தில் கவுண்டரில் இருப்பவளும் அவள்தான். கராஜ் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"நீ என்ன பைத்தியமா? எப்பவும் போல நாலு நல்லதா எடுத்து அனுப்பிட்டு வாய மூடிட்டு இரு. பள்ளிக்கூடத் தோட்டத்துக்கு என் பேரு வச்சிருக்காங்க, தெரியும்ல?"

"தெரியும். அந்தச் செடியையும் வெட்டணும் டார்லா."

"பிள்ளைங்க முன்னாடியா? நீயே வந்து வெட்டு. உனக்குத்தான் கூசாதே." டார்லா சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "எங்கம்மா அடக்கத்துல இருபது பூச்சி பறக்க விட்டியே, அதுல மூணு பறக்காம சவப்பெட்டி மேலேயே விழுந்துச்சே. குளிருன்னு சொன்ன."

லொரீன் நாடாவை வெட்டிக்கொண்டே இருந்தாள்.

"சொல்லுடி. குளிரா?"

"இல்ல."

டார்லா வேலியில் இருந்த பலகையைக் கழற்றிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டுப் போனாள். சாயங்காலத்துக்குள் சங்கத்தில் மீதிப் பேர் தங்கள் கூண்டுகளைக் கொண்டுவந்து லொரீன் வீட்டு நடைபாதையில் கவிழ்த்துவிட்டுப் போயிருந்தார்கள். உள்ளே புழுக்கள் இருந்தன. அவற்றையும் அவளே பொறுக்கிக் கவரில் போட்டாள்.

வெள்ளிக்கிழமை அவள் கூண்டுகள் காலியாயின. மொத்தம் நூற்று நாற்பத்து மூன்று அட்டை. பறந்து போனவை பதினான்கு. செடிகளை எமில் வேரோடு பிடுங்கிக் கொளுத்தினான்.

பழைய படிவங்களின் நகல்களை எடுத்துவைத்து ஒவ்வொன்றிலும் 'கைக்கு வந்தபடி' என்பதைக் கோடு போட்டு அடித்தாள். அதற்கு மேல் 'அழகானவை மட்டும்' என்று எழுதினாள். எழுபத்திரண்டு படிவம். கடைசிச் சிலவற்றில் எழுத்து கோணியது. அவற்றை மறுபடி நகலெடுத்து எழுதலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். அப்படியே விட்டாள்.

சனிக்கிழமை காலை அஞ்சலகத்தில் அவளுக்கு முன்னால் இருவர் நின்றார்கள். இவளைப் பார்த்ததும் ஒருத்தி வரிசையை விட்டு வெளியே போனாள். கவுண்டரில் டார்லா நிமிராமல், எல்லாரிடமும் கேட்பதையே கேட்டாள்.

"உள்ள உடையுறது, ஒழுகுறது, தீப்பிடிக்கிறது ஏதாவது இருக்கா?"

"இல்ல. அட்டையும் காகிதமும்தான்."

"என் பேரு இருக்கா?"

"இல்ல டார்லா. என் பேரு மட்டும்தான்."

டார்லா கையை நீட்டவில்லை. லொரீன் பெட்டியைத் தராசின் மேல் வைத்து, முகவரி அவள் பக்கம் இருக்கும்படி திருப்பிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.