ஹாரனை அமுக்கினால் லைட் எரிந்த வண்டி

போன திங்கட்கிழமை காலை ஒரு ஹாரனை அமுக்கினேன். லைட் எரிந்தது.

ஒன்றல்ல, நாலு. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று இண்டிகேட்டர் நாலும் மங்கலாக எரிந்தன. ஹாரன்? அது ‘ம்ம்ம்...’ என்று பல்வலிக்காரர் மாதிரி முனகியது. சரி, நாலு இண்டிகேட்டரும் ஒன்றாகச் சிமிட்டும் ஹசார்டு லைட்டைப் போட்டுப் பார்ப்போம் என்று அந்த சுவிட்சைத் தட்டினேன். பின்னால் மட்டும் சிமிட்டியது. அதோடு சேர்த்து ஹாரனையும் அமுக்கினால், ஹாரனுக்கு விக்கல் எடுத்தது.

நான் இறங்கி வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தேன். எதற்கு என்று கேட்காதீர்கள். வண்டி புரியாதபோது அதைச் சுற்றி வருவதும், டயரை ஒரு உதை உதைப்பதும் நம் ஆண்களிடம் உள்ள பழக்கம். உதைத்தும் பார்த்தேன்.

வண்டி என்னுடையது அல்ல. என் தங்கை ஜெஸியின் பழைய பிக்கப். பெங்களூரு லிங்கராஜபுரத்தில் எனக்கு அடுத்த தெருவில் இருக்கிறாள். அவள் கணவர் அந்தோணி விடிவதற்குள் இட்லி, பொங்கல், சாம்பார் எல்லாம் செய்து முடிப்பார். ஜெஸி அதை ஏற்றிக்கொண்டு எலெக்ட்ரானிக் சிட்டியில் நாலு பிஜி ஹாஸ்டல்களுக்குக் கொண்டுபோவாள். சமையல் மாப்பிள்ளை, டிரைவிங் தங்கை. எங்கள் குடும்பத்தில் ஆரம்பத்தில் இதைக் கேட்டு முகம் சுளித்தவர்கள் உண்டு. இப்போது அவர்கள்தான் விசேஷத்துக்கு டிபன் சொல்ல முதலில் போன் செய்கிறார்கள்.

அந்த வண்டிக்கு வெள்ளிக்கிழமை எஃப்.சி. அதாவது, ரோட்டில் ஓடத் தகுதி இருக்கிறதா என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் பார்த்துக் கொடுக்கும் சான்றிதழ். ஹாரன், லைட் எல்லாம் போட்டுப் பார்ப்பார்கள். ஃபெயில் ஆனால் வேறொரு தேதி கிடைக்கும்வரை வண்டி வீட்டில் நிற்கவேண்டும். போன வருஷம் இரண்டே நாள் நின்றது. அந்த இரண்டு நாளில் ஐந்தாவது பிஜி வேறு ஆளிடம் போனது. திரும்பி வரவே இல்லை.

எஃப்.சி. என்றால் நம் ஆட்களுக்கு முதலில் ஞாபகம் வருவது பிரேக் அல்ல, பெயிண்ட். எனக்கும்தான். சனி, ஞாயிறு இரண்டு நாளும் பிரஷ்ஷும் கையுமாக உட்கார்ந்து நானே அடித்துக் கொடுத்தேன். அடர் நீலம். ஏனோதானோ வேலை கிடையாது. பானெட்டுக்குள்ளே குறுக்கே நின்ற ஒயர்களைக்கூடக் கழற்றி ஒதுக்கி, அடியில் இரண்டு கோட் கொடுத்து, காய்ந்த பிறகு பழையபடி போல்ட் போட்டு முடுக்கினேன். அவ்வளவு நறுவிசு!

அப்படி மாப்பிள்ளைக் கோலத்தில் நின்ற வண்டிதான் திங்கட்கிழமை முனகியது.

“அண்ணா, சனிக்கிழமை காலைல கூட ஹாரன் நல்லா அடிச்சுதே” என்றாள் ஜெஸி.

“பழைய வண்டி, ஜெஸி. வயசாச்சு” என்றேன், டாக்டர் தோரணையில்.

வழக்கமாக அந்த வண்டிக்கு ஒயரிங் பார்ப்பவர் நயாஸ் பாய். அவர் கோலாரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். வியாழக்கிழமைதான் வருவாராம். அதுவரை காத்திருப்பதா? கையில் போன் இருக்கிறது, போனில் வீடியோ இருக்கிறது, நான் எதற்கு இருக்கிறேன்?

முதல் வீடியோ ஃபியூஸ் என்றது. மாற்றினேன். இரண்டாவது வீடியோ, லைட்டைச் சிமிட்ட வைக்கும் ஃபிளாஷர் என்றது. அதையும் மாற்றினேன். மூன்றாவதில் ஒரு வெள்ளைக்காரர், “சிவப்பு ஒயரைப் பிடி, பச்சை ஒயரைத் தொடு” என்று ரொம்பப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். பானெட்டைத் திறந்து பார்த்தேன். எல்லா ஒயரும் கறுப்பு. கறுப்பு இல்லாத இடத்தில் கறுப்பு டேப். வீடியோவை நிறுத்தினேன்.

செவ்வாய்க்கிழமை, வண்டிச் சாமான் விற்கும் ஜே.சி. ரோடு போய்ப் புது ஹாரனே வாங்கி வந்துவிட்டேன். கடைக்காரர் காட்டியதிலேயே சத்தமானது. மாட்டி அமுக்கினால்... அதே முனகல். கொஞ்சம் கட்டைக் குரலில். லைட் நாலும் அதே மாதிரி எரிந்தன. ஹாரனுக்கும் லைட்டுக்கும் என்ன உறவு? யார் யாருக்கு என்ன வேண்டும்? கல்யாண வீட்டில் தூரத்துச் சொந்தங்களிடம் மாட்டிக்கொண்டவன் மாதிரி முழித்தேன்.

இதற்கிடையில் ஜெஸி தினமும் வண்டியை எடுத்துக்கொண்டுதான் இருந்தாள். ஹாரனுக்குப் பதில் அவள் குரல். கழுத்தை வெளியே நீட்டி, “சைடு கொடி சார்! சைடு!” என்று கன்னடத்தில் வழி கேட்பாள், பெங்களூரு டிராஃபிக்கில்! தொண்டை கட்டிப்போனது.

புதன்கிழமை திரும்பி வந்தபோது அந்தக் குரலும் இல்லை. சல்வாரில் முழங்கால்வரை சாம்பார். டெலிவரிக்குப் போகும்போது சந்திலிருந்து ஒரு பைக் குறுக்கே வந்திருக்கிறது. ஹாரனை அமுக்கியிருக்கிறாள். அவனுக்குக் கேட்கவில்லை. பிரேக்கை மிதித்ததில் பின்னால் சாம்பார் டிரம் சாய்ந்துவிட்டது; ஏறி நின்று நிமிர்த்தியிருக்கிறாள். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, இவளைத் திட்டிவிட்டுப் போயிருக்கிறான்.

“ஒரு முழம்தாண்ணா இருந்துது” என்றாள். தண்ணீர் டம்ளரை அந்தோணிதான் பிடித்துக்கொண்டார்.

இப்படி ஒன்று நடந்தால் சும்மா உட்காரவேண்டும். நான் ஆள் தேட ஆரம்பித்தேன், பழி போடுவதற்கு.

கிடைத்துவிட்டது! டாஷ்போர்டில் ஒரு குழந்தை இயேசு படம். அதற்கு மேலே சின்னதாக ஒரு நீல பல்பு. இருட்டில் கிளம்புகிற மனைவிக்குத் துணையாக இருக்கட்டும் என்று அந்தோணி தன் கையால் மாட்டியது. அதன் ஒயர் எங்கோ உள்ளே போகிறது. எங்கே? ஹாரனுக்குத்தானே? வேறெங்கே போகும்?

“ஒயரிங் தெரியாதவங்க ஒயர்ல கை வெச்சா இப்படித்தான் ஆகும், மாப்பிள்ளை” என்றேன். சொன்னதோடு விட்டேனா? கட்டிங் பிளேயரால் அந்த ஒயரை நறுக்கினேன்.

அந்தோணி பல்பைக் கழற்றித் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஹாரனை அமுக்கினேன். ம்ம்ம்...

வியாழக்கிழமை நயாஸ் பாய் வந்தார். நான் ஃபியூஸிலிருந்து நீல பல்புவரை மூச்சு விடாமல் கேஸ் ஹிஸ்டரி சொன்னேன். அவர் கேட்டமாதிரியே தெரியவில்லை. ஹாரனை ஒரே ஒரு தடவை அமுக்கினார். லைட் நாலையும் பார்த்தார். பானெட்டைத் தூக்கினார். ஒரு நீள ஒயரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸில் பிடித்து, மறுமுனையை ஓரமாக இருந்த ஒரு போல்ட்டின் மேல் வைத்தார்.

“இப்போ அடிங்கம்மா.”

ஜெஸி அடித்தாள். எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா கையிலிருந்த பக்கெட்டைக் கீழே போட்டுவிட்டார். அப்படி ஒரு சத்தம்!

பாய் அந்த போல்ட்டைக் கழற்றினார். கீழே அடர் நீலம். பளபளவென்று, இரண்டு கோட்.

“அரே... யாரு இது, எர்த்து ஒயரைக் கழட்டி இவ்ளோ நீட்டா பெயிண்ட் அடிச்சது?”

எல்லோரும் என்னைப் பார்க்காமல் இருக்க ரொம்ப முயற்சி செய்தார்கள்.

“பாருங்க சார், கரண்டு போறதுக்குத்தான் ஒயர். திரும்பி வர்றது வண்டி பாடி வழியா. தகரமும் ஒயரும் ஒட்டணும். நடுவுல பெயிண்ட் இருந்தா அது எப்படி வரும்? பேச்சாரா, பாவம், வழி கிடைக்காம லைட்டுக்குள்ள பூந்து போயிருக்கு.”

உப்புத்தாளை எடுத்து, நாலணா அகலத்துக்கு என் பெயிண்டைச் சுரண்டினார். தகரம் தெரிந்தது. போல்ட்டை முடுக்கினார். ஹாரன் ஹாரனாகவும், லைட் லைட்டாகவும் ஆயின. மொத்தம் பத்து நிமிஷம். நீல பல்பைப் பற்றிக் கேட்டேன். “அதுவா? அது தனி லைன் சார். நல்லாத்தான் போட்டிருக்கார்” என்றார்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நாலு நாளாக ஊரில் இருக்கிற எல்லா ஒயரையும் சந்தேகப்பட்டவன், என் கை பட்ட இடத்தை மட்டும் ஒரு தடவைகூடச் சந்தேகப்படவில்லை. அழகாகச் செய்த வேலையாயிற்றே, அதில் எப்படித் தப்பு இருக்கும்? நம் வீடுகளில் பாதிச் சண்டை இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது என்று நினைக்கிறேன். அந்த பைக்கில் வந்தவனுக்கு ஏதாவது ஆகியிருந்தால்... அதை நினைத்தால் இப்போதும் பகீர் என்கிறது.

“மன்னிச்சிடுங்க மாப்பிள்ளை” என்றேன்.

“விடுங்க மச்சான்” என்றார் அந்தோணி. சட்டைப் பையிலிருந்து பல்பை எடுத்தார். “அந்த பிளேயரை மட்டும் இப்படிக் குடுத்துடுங்க.”

வெள்ளிக்கிழமை எஃப்.சி. பாஸ். இன்ஸ்பெக்டர் ஹாரனைக் கேட்டார், லைட்டைப் பார்த்தார், கடைசியில் வண்டியைத் தடவி, “பெயிண்ட் தும்ப சென்னாகிதே, யாரு மாடித்து?” ரொம்ப நன்றாக இருக்கிறதே, யார் செய்தது என்று கன்னடத்தில் கேட்டாராம். ஜெஸி, “கேட்காதீங்க சார்” என்று தமிழிலேயே சொல்லிவிட்டாளாம்.

நாலு பிஜிக்கும் இப்போது இட்லி நேரத்துக்குப் போகிறது. நான் வாங்கிய புது ஹாரனையும் கழற்றவில்லை. தினமும் காலை ஐந்தேகாலுக்கு என் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, ஒரே ஒரு தடவை, நீளமாக அடித்துவிட்டுப் போகிறாள். எர்த்து சரியாக இருக்கிறதா என்று டெஸ்ட் பண்ணுகிறாளாம்.

இருக்கிறது, ஜெஸி. தெருவே எழுந்துவிட்டது.