ஒன்றேமுக்கால் சுற்று

என் தம்பி மருதமுத்துவின் காது அப்படிப்பட்டது. எங்கள் வீட்டுக்கு முன்னால், காஜா பேராங் சாலையில் ஒரு லாரி போனால், சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்தபடியே அதில் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவான். நான் தமிழ்ப் பள்ளியில் நான்காம் வகுப்போடு நின்றவள். அவன் ஆறாவது வரை போனான். ஆனாலும் செமாபோக்கிலிருந்து பத்து பெரெண்டாம் வரை எந்த ஊரில் டீசல் பம்பு கெட்டாலும் அவனைத்தான் தேடி வந்தார்கள். இதை எழுதும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.

துணிக்கடை அப்துல் ஹமீது நானாவிடம் ஒரு பழைய திறந்த கார் இருந்தது. தம்பி அதில் பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்பரேட்டரைக் கழற்றிவிட்டு, ஒரு லாரி பம்பைத் திருத்திப் பொருத்தி, நான்கு மெல்லிய குழாய்கள் வழியாக எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும்படி செய்தான். அதற்கு இரண்டு வருடம் பிடித்தது. பெடலை மிதித்தால் கார் பறந்தது. காலை எடுத்தால்தான் தொல்லை. அப்போதும் எஞ்சின் அணையாமல் மெல்ல ஓட வேண்டும். அதற்கு அளவான காற்று வேண்டும். அந்தக் காற்றுக்கென்று ஒரு தனிக் குழாய் வைத்து, அதன் வாயில் பித்தளைத் திருகு ஒன்றைப் பொருத்தினான். திருகு அதிகம் மூடினால் எஞ்சின் கரும்புகை கக்கி நின்றுவிடும். அதிகம் திறந்தால் நின்ற இடத்திலேயே அலறும்.

ஐம்பத்தேழாம் ஆண்டு, நாடு விடுதலையான மெர்டேக்கா நாள் ஊர்வலத்துக்கு நானா தன் காரைக் கேட்டார்.

"பேண்டுக்குப் பின்னாடி நடை வேகத்துல போவணும் தம்பி. ஊரே பாக்கும். ஒன் மெஷினு ஒருக்கா நின்னாலும் மறுநாளே பழைய கார்பரேட்டர மாட்டிரணும், சரியா?"

"நிக்காது நானா."

"நின்னா?"

"மாட்டிர்றேன். வாக்கு."

மூன்று நாள் அந்தத் திருகோடுதான் இருந்தான். எஞ்சின் நன்றாகச் சூடானதும் திருகை முழுக்க மூடி, கால் கால் சுற்றாகத் திறப்பான். முன்சக்கரத்து மட்காட்டின் மேல் ஒரு கிளாஸ் தண்ணீர் வைத்து, அது எவ்வளவு அதிர்கிறது என்று பார்ப்பான். அவன் கையெல்லாம் எண்ணெய். அதனால் நான்தான் நோட்டில் எழுதினேன். ஒன்றேகால்: கரும்புகை. ஒன்றரை: இருமல். ஒன்றேமுக்கால்: தண்ணீர் அசையவில்லை. அதன் கீழே இரண்டு கோடு போட்டேன்.

ஊர்வலத்துக்கு முந்தின நாள் பிற்பகல், தம்பி கொடித்துணி வாங்கப் புக்கிட் பாருவுக்குப் போயிருந்தான். நல்ல நாள் வந்தால் பித்தளைச் சாமான்களைப் புளி போட்டுத் துலக்குவது எங்கள் வீட்டு வழக்கம். விளக்கையும் செம்பையும் தாம்பாளத்தையும் முடித்தேன். கையில் புளி மிச்சம் இருந்தது. எங்கள் கொட்டகையில் காரின் எஞ்சின் மூடி திறந்து கிடந்தது. உள்ளே அந்தத் திருகு மட்டும் கறுத்திருந்தது. அதையும் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, மூடியைச் சாத்தி, அதன் மேல் சாமந்தி மாலையைக் குறுக்கே கட்டினேன். தம்பி வந்து மாலையைப் பார்த்துச் சிரித்தான். மூடியைத் திறக்கவில்லை.

காலையில் ஊர்வலம் கிளம்பும் இடத்துக்குப் பெடலை மிதித்தபடியே காரை ஓட்டிக்கொண்டு போனான், அதனால் அப்போது ஒன்றும் தெரியவில்லை. சூடேறக் கூடாது என்று, புறப்படும் வரை எஞ்சினை அணைத்தும் வைத்தான். பேண்டு வாசித்தது. நான் நின்றிருந்த எங்கள் தெரு முனைக்கு வந்தபோது கரும்புகை கிளம்பியது. எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.

"மருது, அது காரா, புகையிலைச் சுருட்டா?" என்று பட்டறைக்காரர் சுப்பையன் கத்தினார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

மறுபடி கிளப்பினான். மறுபடி நின்றது. நாலு பேர் காரை ஓரமாகத் தள்ளினார்கள். பின்சீட்டில் நானா நிமிர்ந்து உட்கார்ந்து நேரே பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி மாலையை அறுத்து மூடியைத் திறந்தான். வெயிலில் திருகு பளபளத்தது. நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவனிடம் ஓடினேன்.

"தம்பி, நேத்து நாந்தான்டா தொலக்குனேன். திரும்பியிருக்கும்."

அவன் என்னையும் திருகையும் மாறி மாறிப் பார்த்தான். "நோட்ட எடுத்துட்டு வாக்கா" என்றான்.

"நோட்டு எதுக்கு? ஒன்னேமுக்கா."

முழுக்க மூடி, ஒன்றேமுக்கால் திறந்தான். எஞ்சின் இரண்டு முறை தும்மிவிட்டு, பிறகு தூங்குகிற பிள்ளை மூச்சு விடுவதுபோல் ஓடியது. அதற்குள் பேண்டு போய்விட்டது. பள்ளிப் பிள்ளைகளும் சைக்கிள்காரர்களும்கூடப் போய்விட்டார்கள். எல்லோருக்கும் கடைசியாக, பாடாங் திடல் வரை கார் ஊர்ந்தது, நானும் பக்கத்திலேயே நடந்தேன். ஒரு தடவைகூட நிற்கவில்லை.

இறங்கும்போது நானா கேட்டார்: "நல்லாத்தானே ஓடுது. முன்னாடி ஏன் நின்னுச்சு?"

நான் வாயைத் திறந்தேன். தம்பி முந்திக்கொண்டான்.

"அசையுற திருக பூட்டாம விட்டுட்டேன் நானா. என் தப்பு."

நானா காரின் மூடியை மெல்லத் தட்டிக்கொடுத்தார். "வாக்குன்னு ஒன்னு இருக்குல்ல" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் தம்பி கார்பரேட்டரை மாட்டினான். நான் கிளாஸில் தண்ணீர் கொண்டுபோய் மட்காட்டின் மேல் வைத்தேன். எடுத்துப் போகச் சொன்னான்.

அதன் பிறகு பலருடைய பம்புகளைச் சரி செய்தான். எந்தத் திருகையும், அது அசையாமல் இறுக்கிப் பிடிக்கும் பூட்டு நட்டு இல்லாமல் விட்டதில்லை. சொந்தமாக இன்னொன்று செய்து பார் என்று நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், பேச்சை மாற்றிவிடுகிறான். அந்தப் பித்தளைத் திருகு கொட்டகையில் ஓர் ஆணியில் தொங்குகிறது. தீபாவளிக்கு எல்லாவற்றையும் துலக்குகிறேன். அதை மட்டும் தொடுவதில்லை.