நான் பூட்டிய மேக்ரோ

ஓர்ஸ் ஹில் அலுவலகத்தில் எங்கள் படகுச்சேவை ஊழியர்கள் அனைவருக்கும் வாராந்த வேலைநேரப் பட்டியல் போடுவது என் பொறுப்பு. அதற்கு எக்ஸெலில் ஒரு மேக்ரோ எழுதியிருந்தேன். பொத்தானை அழுத்தினால் போதும், பட்டியல் தானாகவே வந்துவிடும். ஜும்ஆத் தொழுகைக்குப் போகிறவர்களுக்கு வெள்ளி மதியமும், தேவாலயப் பூசைக்குப் போகிறவர்களுக்கு ஞாயிறு காலையும் வேலை விழாது. அதைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டியும் வைத்தேன். பாதுகாப்புக்கு என்று சொன்னேன். உண்மையில், நானில்லாமல் அங்கே எதுவும் நடக்கக்கூடாது என்ற எண்ணம்தான்.

போன மாதம் மேலிடத்தார் கோப்புகளையெல்லாம் இணையத்துக்கு மாற்றினார்கள். மேக்ரோ அங்கே ஓடாது, இனி அதை நம்பியிருக்க வேண்டாம் என்றார்கள். உள்ளே எழுதிய விதிகளையாவது பார்க்கலாமென்றால், கடவுச்சொல் எனக்கே மறந்துபோயிருந்தது.

பக்கத்து மேசை ஃபரீனா குறிஞ்சாக்கேணியிலிருந்து வருகிறவர். ஒரு குறிப்புக் கொப்பியை நீட்டினார். யாருக்கு எந்த நேரம் ஏலாது என்று ஆளாளாகக் கேட்டு எழுதியிருந்தார்.

“இதெல்லாம் எப்ப எழுதினீங்கள்?”

“நீங்கள் லீவில நிண்டா சனம் கஷ்டப்படும்தானே அண்ணன். அதான் கேட்டு எழுதி வச்சனான்.”

நான் எப்போதோ பேச்சுவாக்கில் சொன்னது, கடைசி வரியில் என் பெயரோடு இருந்தது: ‘புதன் பின்னேரம் ஏலாது. அம்மாவுக்குக் கிளினிக்.’

ஃபரீனாவுக்கு எந்த நேரம் ஏலாது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.