எந்தக் கூடை வலி?

எங்கள் இலங்கை மலையகத்து டிக்கோயாவில் ஆட்டோ ஓட்டும் ஒருவருக்கு நரைத்த மீசை, காதை மூடிய கம்பளித் தொப்பி. அடிக்கடி கண்ணாடியில் பின்னால் இருக்கிறவங்க முகத்தைப் பார்ப்பார்.

ஒருநாள் தைலம் வாங்கப் போக அவர் ஆட்டோவில் ஏறினேன். அந்தக் குளிரிலும் எனக்கு வேர்த்துக் கொட்டியது.

"என்னம்மா செய்யுது?"

"தோள் வலிங்க. தேயிலைக் கொழுந்துக் கூடை சுமந்த தோளு." நெஞ்சு அடைக்கிறதை ஆம்பளைகிட்ட சொல்லக் கூச்சம்.

"வேலையை விட்டு எத்தனை வருசம்?"

"பத்து வருசங்க."

"அப்ப இன்னைக்கு எந்தக் கூடை வலிக்குது?"

பதிலுக்குக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குத் திருப்பினார். வாசலில் நர்ஸிடம், "தோள் வலின்னு சொல்லுவாங்க, நம்பாதீங்க" என்றார்.

மாரடைப்பாம். கொஞ்சம் பிந்தியிருந்தால் பிழைத்திருக்க மாட்டேன் என்றார் டாக்டர்.

இப்போதும் அவரை ரோட்டில் கண்டால் அதே கூச்சத்தில் தலை குனிந்துகொள்கிறேன். உசிரைக் காப்பாத்தினவருக்கு நன்றின்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரமாட்டேங்குது.